கிறிஸ்துமஸ் சந்தையும் அப்பாவின் கால்களும்

ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரின் ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கிவிட்டால், ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் என் கிளினிக்குக்கு வர ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் சர்க்கரை நோய் உள்ளவர்கள்.

போன டிசம்பரில் வந்தவருக்கு வயது 68. மதுரைக்காரர், 20 வருடமாகச் சர்க்கரை. மகள் மாலையில் சந்தைக்கு அழைத்துப் போயிருக்கிறார். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரைக் கடைகள், பட்டை கிராம்பு வாசனை, சின்ன ரொட்டிக்குள் மூன்று சாசேஜ் வைத்துத் தரும் கடை என்று இரண்டு மணி நேரம் சுற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும், "கால் கட்டை மாதிரி இருக்கும்மா" என்றிருக்கிறார். மகள் பதறிப்போய் வெந்நீர்ப் பையைப் பாதத்துக்கு அடியில் வைக்க, அப்படியே தூங்கிவிட்டார். காலையில் குதிகாலில் பெரிய கொப்புளம். சுட்டதே அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் என் முன்னால் அழுதார். அன்பால் செய்த காரியம் அது. யாரும் அவருக்கு இதைச் சொல்லியிருக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பல வருடச் சர்க்கரை, பாதத்தின் நரம்புகளைக் கெடுத்துவிடுகிறது. சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. நமக்குக் கால் விறைத்தால் உடனே இடம் மாறி நிற்போம், காலைத் தட்டுவோம். அவர்களுக்கு அந்த எச்சரிக்கை வருவதே இல்லை. சந்தையில் குளிர் கல்தரையிலிருந்துதான் ஏறுகிறது. கடைக்காரர்கள் பலர் காலடியில் மரப்பலகை போட்டு நிற்பது அதனால்தான்.

கேன்வாஸ் ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்துப் போடுவது உதவாது. ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், சூட்டைத் தக்கவைக்கும் காற்றுக்கும் உள்ளே இடம் இருக்காது. ஒரு கம்பளி சாக்ஸ், விரலை அசைக்க இடம் தரும் தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ், அது போதும். அரைமணிக்கு ஒருமுறை ஏதாவது கடைக்குள் போய் உட்கார வையுங்கள்.

அப்புறம் குளூவைன். மசாலா போட்டுக் காய்ச்சிய அந்த ஒயினைக் குடித்தால் உடம்பு சூடாவது போல இருக்கும். தோலில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிவதால் வரும் உணர்வு அது, உள்சூடு உண்மையில் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னொரு ஆபத்து உண்டு. கல்லீரல் மதுவைக் கவனிக்கும் நேரத்தில் சர்க்கரையை வெளியிடுவது குறையும். பல மணி நேரம் கழித்து, நடுராத்திரியில்கூடச் சர்க்கரை இறங்கலாம். சர்க்கரை இறங்கி வரும் நடுக்கத்தைக் குளிர் நடுக்கம் என்று நினைத்துப் போர்வையைப் போர்த்திவிடுவார்கள். சந்தேகம் வந்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். குளுக்கோமீட்டர் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது, அதையும் இன்சுலினையும் உள்சட்டைப் பையில் வையுங்கள். உறைந்துபோன இன்சுலினைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மது இல்லாத கிண்டர்புன்ஷ் என்ற சூடான பானத்தை வாங்கித் தரலாம் என்றால் அது நல்ல இனிப்பு, அதையும் கணக்கில் எடுங்கள்.

வீடு திரும்பியதும் ஈர சாக்ஸைக் கழற்றி, விரலிடுக்குவரை ஒற்றித் துடைத்து, உள்ளங்காலை மொபைல் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். தேய்க்க வேண்டாம். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காலை வைக்க வேண்டாம், வெந்நீர்ப் பையும் வேண்டாம். உலர்ந்த சாக்ஸும் போர்வையும் போதும். வெதுவெதுப்பான நீரில் வைப்பதானால் 37 முதல் 39 டிகிரிக்குள், தெர்மாமீட்டரில் பார்த்துவிட்டு வையுங்கள். சூடு சரியா என்று அப்பாவிடம் கேட்டுப் பயனில்லை.

தோல் வெளுத்து விறைத்திருந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ, கொப்புளம் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஜெர்மனியில் அழைக்க வேண்டிய எண்: கிளினிக் மூடிய நேரத்துக்கு 116117, உயிருக்கு ஆபத்தென்றால் 112. ஊரில் எடுத்த பயணக் காப்பீடு பழைய நோய்க்குச் செல்லுமோ செல்லாதோ என்று பயந்து பல குடும்பங்கள் நாள் கடத்துகின்றன. மதுரைக்காரரைக் கொப்புளம் வந்த அன்றே கொண்டுவந்தார்கள், புண் ஆறியது. ஒரு வாரம் வீட்டிலேயே மஞ்சள் தடவிவிட்டு வந்த இன்னொருவருக்கு ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.