ஊட்டிக்குக் கூட்டிப்போனால் சரியாகிவிடுமா?

"பையன் யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான். ஒரு வாரம் ஊட்டி, கொடைக்கானல்னு கூட்டிட்டுப் போனா சரியாயிடுமா டாக்டர்?" சென்னையில் மனநல ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பலர் இதைக் கேட்கிறார்கள்.

ஊட்டியில் நன்றாகத்தான் இருப்பான். கல்லூரி வாசலை மிதித்ததும் பழைய கதை தொடங்கிவிடும். இப்படி யாரிடமும் பேசாமல் ஒதுங்குவதற்குச் சமூகப் பதற்றம் காரணமாக இருக்கலாம். அது வெறும் கூச்சம் இல்லை. எல்லோரும் தன்னையே கவனிக்கிறார்கள், தப்பாக எடைபோடுகிறார்கள் என்ற பயம். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ வேலையையோ முடக்கினால் அதற்குச் சிகிச்சை தேவை.

யார் கண்ணிலும் படாமலிருக்க இவர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் ஏராளம். பாட்டு ஓடாவிட்டாலும் காதில் இயர்போன் இருக்கும். வைவாவுக்கு முந்தின நாள் காய்ச்சல் வரும். கேன்டீனில் முன்னால் நிற்பவர் வாங்கியதையே வாங்குவார்கள், புதிதாக எதையாவது கேட்டால் கடைக்காரர் "என்ன?" என்று திருப்பிக் கேட்டுவிடுவாரே! யாராவது பேச்சுக் கொடுத்தாலோ, கவனம் முழுக்கத் தன் மேலேயே இருக்கும்: குரல் பிசிறுகிறதா, முகம் வியர்க்கிறதா?

அந்தக் கவனத்தை வெளியே திருப்ப இயற்கை உதவுகிறது. 2015இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலரை 90 நிமிடம் மரங்களுக்கிடையிலும், வேறு சிலரைப் போக்குவரத்து மிகுந்த சாலையோரமும் நடக்கவைத்தார்கள். மரங்களுக்கிடையே நடந்தவர்களுக்கு ஒன்றையே நினைத்து மறுகுவது குறைந்தது. சின்ன ஆய்வுதான், சமூகப் பதற்றத்துக்கென்று செய்ததும் இல்லை. ஆனாலும் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

தினமும் தனியாகப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருவதை மட்டும் நான் ஊக்குவிப்பதில்லை. மனிதர்களிடமிருந்து தப்பிக்க அது இன்னொரு வழியாகிவிடும்.

அதற்குப் பதில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துப் பக்கம் பறவை பார்க்கப் போகும் குழுவோடு போகச் சொல்வேன். அங்கே யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. "அந்தக் கோரைக்கு இடப்பக்கம், நீலத் தாழைக்கோழி" என்று சொன்னால் போதும், பைனாகுலர் கைமாறும். இன்னொன்று, 1988 முதல் சென்னையில் ஆமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்க மாணவர்கள் நடத்திவரும் கடலாமை நடை. பங்குனி ஆமை முட்டையிடும் மாதங்களில், இரவில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடப்பார்கள். டார்ச் அடிக்கக் கூடாது. முகம் சிவக்குமே என்று பயப்படுகிற பெண்ணுக்கு இதைவிட வசதி வேறென்ன! முதல் தடவை சும்மா கூட நடந்தால் போதும். அடுத்த தடவை பக்கத்தில் நடப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி. அப்புறம், பகலில் கேன்டீன்.

பெற்றோருக்கு ஒன்று: கூடவே போய் "பேசுடா, பேசுடா" என்று நிற்காதீர்கள்.

கல்லூரிக்கே போகாமல் அறைக்குள் முடங்கியவர்களை, கூட்டத்தைச் சமாளிக்கக் குடிக்கத் தொடங்கியவர்களை, சாவைப் பற்றிப் பேசுகிறவர்களை நடைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். இதற்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன. நேரில் வரத் தயங்கினால், டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், பெற்றோரும் கூப்பிடலாம்.