நாலு சேர்ந்தால் பசு: பல்லாங்குழிக்குள் நடக்கும் கணக்கு

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி பெருகி, திருநெல்வேலி சந்திப்புப் பேருந்து நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் வீடு பாளையங்கோட்டையில் மேட்டுப் பக்கம் இருப்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை, தெருவை விட்டு வெளியே போக வழியும் இல்லை. வீட்டில் 5 வயது, 9 வயது, 13 வயது என மூன்று பிள்ளைகள். முதல் நாள் சாயங்காலமே மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் அம்மா பரணிலிருந்து பல்லாங்குழிப் பலகையை இறக்கச் சொன்னாள். புளி உடைத்தபோது கழுவிக் காயவைத்து, டப்பாவில் போட்டு வைத்திருந்த புளியங்கொட்டையும் வந்தது. பத்தமடைப் பாயை விரித்து, மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்தோம். அடுத்த மூன்று நாட்களில் அந்தப் பலகையைச் சுற்றி நான் பார்த்தவற்றுக்கு அறிவியல் என்ன விளக்கம் சொல்கிறது என்பதை எழுதவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். வெறுமனே பொழுதைப் போக்கும் சாமான் இல்லை அது. எண்ணுவது, நினைவில் வைப்பது, முன்கூட்டி யோசிப்பது, பேசுவது எல்லாவற்றையும் கை வழியாக நடக்கவைக்கிற கருவி.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் விதி மாறும். இது எங்கள் வீட்டு விதி. பலகையில் ஏழு ஏழாக இரண்டு வரிசை, மொத்தம் 14 குழி. என் பக்கத்து ஏழு எனக்கு, எதிர்ப் பக்கத்து ஏழு உங்களுக்கு. குழிக்கு 5 முத்து, ஆகமொத்தம் 70. என் குழி ஒன்றில் இருப்பதை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வலப்பக்கமாகப் போவேன். வரிசை முடிந்ததும் எதிராளியின் வரிசைக்குள் திரும்பிச் சுற்றிவர வேண்டும். கையில் இருப்பது தீர்ந்ததும் அதற்கு அடுத்த குழியை அள்ளி மேலே தொடரலாம். அப்படி அள்ளவேண்டிய குழி காலியாக இருந்தால், அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதையும், அதன் நேர் எதிர்க் குழியில் உள்ளதையும் எடுத்துக்கொள்ளலாம். அதோடு என் முறை முடிந்தது. இடையில் ஏதாவது குழியில் முத்து விழுந்து விழுந்து சரியாக நாலு சேர்ந்தால் அது 'பசு'. அந்தக் குழி யார் பக்கமோ அவர் எடுத்துக்கொள்வார்.

இந்தப் பசுவில்தான் எனக்கு முதல் ஆச்சரியம்.

நடுவில் இருக்கும் மகள் பசு வந்துவிட்டதா என்று ஒவ்வொரு குழியாக விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா சிரித்துக்கொண்டே, "ஏட்டி, எண்ணிக்கிட்டு இருக்காத. நாலு இருக்கது பாத்தாலே தெரியாதா?" என்றாள். ஆமாம், தெரியும். மனிதக் கண்ணுக்கும் மூளைக்கும் அப்படி ஓர் எல்லை இருக்கிறது. மூன்று, நான்கு பொருள்கள் வரை எண்ணாமலே நமக்கு எண்ணிக்கை தெரிந்துவிடும். அதைத் தாண்டினால் எண்ணவேண்டும், இல்லையென்றால் குத்துமதிப்பாகச் சொல்லவேண்டும்.

இதை 1871-இல் ஓர் ஆங்கிலேயர் தம்மை வைத்தே சோதித்துப் பார்த்தார். வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்று பெயர். பொருளியலும் தர்க்கமும் படித்தவர். அவருக்குக் கிடைத்த சாமானும் நம் சாமான் போலத்தான்: கறுப்புப் பயறு. கை போன போக்கில் பயறை ஒரு பெட்டிக்குள் எறிவது, விழுந்ததைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிக்கையைச் சொல்வது, பிறகு எண்ணிச் சரிபார்ப்பது. இப்படி 1,027 முறை செய்தார். மூன்றும் நான்கும் விழுந்தபோது அவர் ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஐந்தில் தவறு தொடங்கியது. எண்ணிக்கை கூடக் கூடத் தவறும் கூடியது.

பிற்காலத்தில் நேரத்தை அளந்து பார்த்த சோதனைகளும் இதையே காட்டின. நான்கு வரை ஒவ்வொரு பொருள் கூடும்போதும் நமக்கு ஆகும் கூடுதல் நேரம் மிகச் சிறியது. நான்குக்கு மேல் போனால், ஒவ்வொன்றுக்கும் கால் விநாடி அல்லது அதற்கும் மேல் ஆகிறது. ஒரே நேரத்தில் தனித்தனிப் பொருளாக நம் கவனம் பிடித்துவைக்கக்கூடியது மூன்று நான்கைத்தான் என்பது இதற்குப் பலரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம். பசுவை நாலில் வைத்தவர்கள் இதை யோசித்துத்தான் வைத்தார்களா என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆட்டத்துக்கு அது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். கை ஓடிக்கொண்டே இருக்கும்போது, நிற்காமல், கண்ணாலேயே கண்டுபிடிக்கக்கூடிய மிகப் பெரிய எண் நாலு. பசு ஆறாக இருந்திருந்தால் ஒவ்வொரு குழியிலும் நின்று எண்ணவேண்டி வரும், ஆட்டம் படுத்துவிடும்.

சின்னவனுக்குப் பிரச்சினை வேறு. அவனுக்கு ஒன்று முதல் இருபது வரை பாட்டு மாதிரி ஒப்பிக்கத் தெரியும். ஆனால் முத்துப் போடும்போது ஒரு குழியில் இரண்டு விழும், இல்லையென்றால் ஒரு குழியைத் தாண்டிப் போய்விடுவான். "ஏல, ஒண்ணுக்கு ஒண்ணு போடுல" என்று அவன் ஆச்சி, அதாவது என் அம்மா, அவன் கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டே இருந்தாள். ரோச்சல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-இல் குழந்தைகள் எண்ணக் கற்றுக்கொள்வதைப் பற்றி எழுதியபோது முக்கியமாக எடுத்துச் சொன்னவற்றில் ஒன்று ஆச்சி சொன்ன இந்த 'ஒண்ணுக்கு ஒண்ணு'தான். ஒரு பொருளுக்கு ஒரு எண், விடுதலும் கூடாது, இரட்டிப்பும் கூடாது. எண்களின் வரிசை மாறக்கூடாது என்பதும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதும் மற்றவை. எண்ணை ஒப்பிக்கும் பிள்ளைக்கும் எண்ணத் தெரிந்த பிள்ளைக்கும் நடுவே உள்ள தூரம் இதுதான். பல்லாங்குழியில் பிள்ளை அதைத் தொட்டுத் தொட்டுக் கடக்கிறது. தவறினால் கையில் முத்து மிஞ்சும் அல்லது குறையும், யாரும் திட்டவேண்டியதில்லை.

பலகை விளையாட்டால் எண்ணறிவு கூடுமா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு அது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளை, பள்ளியில் சேரும் முன்பே, 1 முதல் 10 வரை எண் எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தி ஆடவைத்தார்கள். இரண்டு வாரத்தில் நான்கு தடவை, தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், அவ்வளவுதான். எது பெரிய எண், எது சிறிய எண், எந்த எண் எங்கே வரும் என்பதில் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்தது. எண்ணுக்குப் பதில் நிறம் பூசிய கட்டங்களில் ஆடிய பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அவர்கள் ஆடியது பல்லாங்குழி இல்லை, அதை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் வாயால் எண்ணைச் சொல்லிக்கொண்டே கையால் இடம் நகர்த்துவதும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்து திருத்துவதும் இரண்டிலும் ஒன்றுதான்.

இரண்டாவது நாள் இரவு இன்னொன்றைக் கவனித்தேன். முதல் ஆட்டம் தன்னுடையது என்றால் அம்மா எப்போதும் நடுக் குழியைத்தான் எடுத்தாள். எடுத்த எடுப்பிலேயே ஒரு பெரிய குவியல் அவள் பக்கம் போய்விடும். ஏன் நடுக் குழி என்று கேட்டால், "எங்க ஆச்சி அப்பிடித்தான் எடுப்பா" என்றாள். பிள்ளைகள் தூங்கியதும் நான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தாளில் போட்டுப் பார்த்தேன்.

14 குழிகளைச் சுற்றிவருவது கடிகாரக் கணக்கு மாதிரி. பத்து மணியிலிருந்து ஐந்து மணி நேரம் போனால் 15 வராது, மூன்று மணி வரும். இங்கே 12-க்குப் பதில் 14. தொடங்கும் குழிக்கு 0 என்று பெயர் வையுங்கள். ஐந்தை அள்ளினால் 1 முதல் 5 வரை விழும். அடுத்து 6-ஐ அள்ளவேண்டும். அது 7 முதல் 11 வரை போகும். அடுத்து 12; அது 13, 0 எனச் சுற்றி 3 வரை வரும். இப்போது 4-ஐ அள்ளவேண்டும். அதில் ஏற்கெனவே ஒன்று விழுந்திருப்பதால் ஆறு இருக்கும்; அது 10 வரை போகும். அடுத்த 11-இலும் ஆறு. அது மறுபடி சுற்றி 3-இல் வந்து முடியும். அடுத்து 4. கொஞ்சம் முன்புதான் நானே அள்ளிக் காலிசெய்த குழி அது. ஆக, ஐந்து தடவை அள்ளி, 27 முத்துப் போட்டு, கடைசியில் நான் காலிசெய்த குழியிலேயே வந்து முட்டுகிறேன். துடைத்துவிட்டு 5-ஐ எடுத்தால் அதில் ஏழு முத்து.

எந்தக் குழியில் தொடங்கினாலும் இந்த ஏழு கிடைக்கும், ஏனென்றால் தொடக்கத்தில் எல்லாக் குழியும் ஒரே மாதிரி. வித்தியாசம் வருவது எதிர்க் குழியில். அது மட்டும் தொடங்கும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. என் பக்கத்து ஏழு குழிகளையும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எதிர்க் குழியையும் சேர்த்துக் கிடைத்தவை: 14, 8, 7, 15, 9, 8, 14. நாலாவதாக நிற்பது நடுக் குழி. ஆச்சிக்கு ஆச்சி கைமாற்றித் தந்த வழக்கம் சரியான விடையாகவே இருக்கிறது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கொள்ளுப்பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

முதல் ஆட்டத்தைத்தான் இப்படி மனப்பாடமாக வைக்க முடியும். அதற்குப் பிறகு குழிக்குக் குழி எண்ணிக்கை மாறிவிடுகிறது. ஒரே ஒரு முத்து கூடினால் கை நிற்கும் இடம் ஒரு குழி தள்ளிப் போகும்; அதனால் அடுத்து அள்ளும் குழி வேறு; அதில் இருக்கும் எண்ணிக்கை வேறு. தாயக்கட்டை உருட்டுவதுபோல் இதில் அதிர்ஷ்டம் எதுவும் கிடையாது. எல்லாம் கண்முன்னே திறந்துதான் கிடக்கிறது. இருந்தும் நான்கு அள்ளுக்கு மேல் முன்னால் பார்க்கப் பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். பார்த்த எண்ணிக்கையை மனத்தில் பிடித்துக்கொண்டே அதை மாற்றிக்கொண்டும் போகவேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிரமம். செயல்நினைவு என்று உளவியலில் சொல்வது இந்த வேலையைத்தான். அதன் கொள்ளளவும் மிகச் சிறியது. மூத்தவள் இரண்டு அள்ளு முன்னால் பார்த்தாள். நடுவில் உள்ளவள் ஒன்று பார்த்தாள். அம்மா குழி குழியாகப் பார்ப்பதில்லை. 'இங்கே கனமா இருக்கு, அங்கே வெறுங்குழி' என்று சேர்த்துச் சேர்த்துப் பார்க்கிறாள். பழகியவர்களின் நினைவு அப்படித்தான் வேலை செய்யும், பல துண்டுகளை ஒரே துண்டாகக் கட்டி வைத்துக்கொள்ளும்.

நம் பல்லாங்குழிக்குச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர். கன்னடத்தில் அளிகுளி மணே, தெலுங்கில் வாமன குண்டலு, மலேயாவில் சொங்காக், மேற்கு ஆப்பிரிக்காவில் ஒவாரி. இதில் 12 குழியும் 48 முத்தும் உள்ள ஒவாரியின் ஒரு வகையை, 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் இரண்டு கணிப்பொறி ஆய்வாளர்கள் முழுவதுமாகக் கணக்கிட்டு முடித்தார்கள். 88,906 கோடி நிலைகளை ஆராயவேண்டி வந்தது. இரண்டு பேரும் பிழையில்லாமல் ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்பது விடை.

சரி, இத்தனை கணக்கு இருக்கும் ஆட்டத்தில் ஐந்து வயதுப் பையனும் எழுபது வயது ஆச்சியும் எப்படிச் சேர்ந்து உட்கார முடிகிறது? எனக்கு இதுதான் மிகப் பெரிய விஷயமாகப் பட்டது. போடுவது மட்டும் தெரிந்தால் போதும், ஆட்டத்தில் சேர்ந்துவிடலாம். யோசிக்கத் தெரிந்தவர் அதே ஆட்டத்தில் யோசித்துக்கொள்ளலாம். ஒருவர் போடும்போது மற்றவர் சும்மா இருப்பதும் இல்லை. பசு தன் பக்கம் விழுகிறதா என்று பார்க்கவேண்டும், எண்ணிக்கையைச் சரிபார்க்கவேண்டும், தப்பினால் சண்டை பிடிக்கவேண்டும். எல்லோர் கண்ணும் ஒரே குழியில் இருக்கும். குழந்தையும் பெரியவரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு பேசும் நேரம்தான் குழந்தைக்குப் பேச்சு வளரும் நேரம் என்று குழந்தை வளர்ச்சி பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்த மூன்று நாளில் அம்மா தன் சின்ன வயதுக் கதைகளைச் சொன்னதெல்லாம் பலகைக்கு முன்னால்தான். கை வேலையாக இருந்ததால் கதை தானாக வந்தது.

பலகை இல்லாதவர்கள் முட்டை அட்டையை வெட்டிக்கொள்ளலாம், தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போட்டாலும் போதும். ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுக்காதீர்கள். அதில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஓடு உடைந்து அல்லது மென்று உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டையோ சோழியோ நல்லது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் அதையும் எட்டாத இடத்தில் வைக்கவேண்டும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கரண்ட் வந்த பிறகும் மூத்தவள் பலகையை விடவில்லை. குழிக்கு ஆறு ஆறாகப் போட்டுப் பார்த்தாள்; இரண்டே அள்ளில் கை தொடங்கிய குழியிலேயே வந்து முட்டி ஆட்டம் நின்றுவிட்டது. நாலு நாலாகப் போட்டால் ஏழு அள்ளு ஓடியது. ஏழு போட்டால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டாள். நான் தாளைத் தேடினேன். அவள் அதற்குள் குழிகளை நிரப்ப ஆரம்பித்திருந்தாள்.