புரியாத பாட்டு படிப்பைக் கெடுக்குமா?

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஓர் ஆயா போன வாரம் என்னிடம் ஒரு பஞ்சாயத்தைக் கொண்டுவந்தார். பேரன் இந்த வருடம் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு, எழுதுகிறான். எந்நேரமும் காதில் இயர்போன், மடியில் புத்தகம். பாட்டைக் கேட்டுக்கொண்டே படித்தால் மண்டையில் என்ன ஏறும் என்பது ஆயாவின் கட்சி. பையன் லேசுப்பட்டவன் இல்லை. "ஆயா, நான் போடுவது தமிழ்ப் பாட்டு. எனக்குத் தமிழ் புரியாது. புரியாத பாட்டு என் படிப்பை எப்படிக் கெடுக்கும்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டான். "வாத்தியாராக இருந்தவர், நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்கள் தம்பி" என்று ஆயா போனை வைத்துவிட்டார்.

இப்படி ஒரு வாதம் டர்பன், மொரிஷியஸ், ரியூனியன் மாதிரி இடங்களில்தான் பிறக்க முடியும். 1860-இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து இங்கே வந்தது. அதிலும் அதற்குப் பின்னால் வந்த கப்பல்களிலும் இறங்கியவர்களின் வாரிசுகள் நாங்கள். எங்களில் பலர் தேவாரத்தையும் திருப்புகழையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஓர் எழுத்து பிசகாமல் பாடுவார்கள். பொருள் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். ஆகவே பையனின் கேள்வியைக் குறும்பு என்று தள்ளிவிட மனம் வரவில்லை. உண்மையில் அது நல்ல ஆராய்ச்சிக் கேள்வி. அதற்குப் பதிலும் கிடைத்திருக்கிறது. அந்தப் பதில் பையனுக்குப் பாதிதான் சாதகம்.

காது வேலை செய்யும் விதம் பள்ளியிலேயே படித்ததுதான். அலை வந்து செவிப்பறையை அசைக்கிறது, உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் அதை மின்துடிப்பாக மாற்றுகின்றன, நரம்பு மூளைக்கு எடுத்துப் போகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கண்ணுக்கு இமை உண்டு, காதுக்குக் கிடையாது. கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தாலும் கேட்கிறோம். 1959-இல் மோரே என்ற ஆய்வாளர், ஒரு காதில் வரும் பேச்சை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு, மறு காதில் அவரவர் பெயரை நுழைத்துப் பார்த்தார். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தம் பெயரைப் பிடித்துவிட்டார். கவனிக்காத காதுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.

சரி, அந்த ஆள் அங்கே என்ன செய்கிறார்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகவே போகிறேன்.

1976-இல் கோல், வெல்ஷ் என்ற இருவர் எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். திரையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முடிந்ததும் அதே வரிசையில் எழுதிக்காட்ட வேண்டும். அந்த நேரத்தில் காதில் ஒருவர் ஜெர்மன் மொழியில் எதையோ வாசித்துக்கொண்டிருப்பார். கேட்பவர்களுக்கு ஜெர்மன் தெரியாது, அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. நம் பையனின் கணக்குப்படி ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. ஆனால் தவறுகள் கூடின. ஒரு வார்த்தைகூடப் புரியாத மொழி நினைவைக் கலைத்தது.

அப்படியென்றால் பேச்சு என்பதுதான் காரணமா? பிரிட்டனில் பேட்லி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அப்படித்தான் நினைத்தார்கள். மூளைக்குள் பேச்சொலிக்கென்று ஒரு சிறு கிடங்கு இருக்கிறது, யார் பேசினாலும், எந்த மொழியானாலும், அது நேரே அதற்குள் போய் விழுந்துவிடும் என்பது அவர்களின் விளக்கம். 1989-இல் சலாமே என்பவரும் பேட்லியும் இசையை வைத்தே சோதித்தார்கள். வாய்ப்பாட்டு அதிகமாகக் கெடுத்தது, வெறும் வாத்தியம் குறைவாகக் கெடுத்தது. இதுவரை எல்லாம் பொருந்துகிறது.

அப்புறம்தான் வேல்ஸில் கார்டிஃப் நகரத்து டிலன் ஜோன்ஸ் கட்சி வருகிறது. 1993-இல் அவரும் மேக்கனும் பேச்சையே எடுத்துவிட்டு வெறும் "பீப்" ஒலிகளைக் காதில் விட்டார்கள். ஒரே சுருதியில் திரும்பத் திரும்ப வந்த பீப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சுருதி மாறி மாறி வந்த பீப் நினைவைக் கலைத்தது. பேச்சிலும் இதே கதை. "க, க, க, க" என்று ஒரே எழுத்து கேட்டால் பாதிப்பு குறைவு, "க, மீ, டு, போ" என்று மாறிக்கொண்டே இருந்தால் அதிகம். ஆக, மொழியோ பொருளோ காரணமில்லை. மாற்றம்தான் காரணம்.

ஏன் என்று இப்போது பாருங்கள். 4, 9, 2, 7, 5, 8, 3 என்று ஏழு எண்களை வரிசையாக நினைவில் வைக்கச் சொன்னால் என்ன செய்கிறோம்? நான்குக்கு அடுத்து ஒன்பது வர எந்த நியாயமும் இல்லை. அதனால் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லி ஒன்றோடொன்றைக் கட்டுகிறோம். சாமந்தி மாலை தொடுக்கிற மாதிரி. பூக்கள் நம் கையில், நார் நமக்குள் சொல்லிக்கொள்ளும் நாக்கு.

அதே நேரத்தில் காதுக்குப் பின்னால் இருக்கும் ஆளும் சும்மா இல்லை. அவரும் மாலை தொடுக்கிறார். வருகிற ஒலி முந்தையதிலிருந்து மாறினால் "முதலில் அது, அடுத்து இது" என்று வரிசை குறித்துக்கொள்வது அவருடைய தொழில். வாசலில் காலடி நெருங்குகிறதா விலகுகிறதா என்று தெரிவதே இந்த வரிசைக் கணக்கால்தான். நாம் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார். ஆக, ஒரே மேசையில் இரண்டு பேர் இரண்டு மாலை தொடுக்கிறார்கள், நார் சிக்கிக்கொள்கிறது. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும்போது அவருக்குத் தொடுக்கப் புதுப்பூ இல்லை, அதனால் சிக்கலும் இல்லை.

இந்த விளக்கம் சரி என்றால் விசித்திரமான ஒன்று நடக்க வேண்டும்: வரிசையே தேவைப்படாத வேலையை ஒலி கெடுக்கக் கூடாது. அதையும் சோதித்துவிட்டார்கள். ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள ஒன்பது எண்களில் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு மற்ற எட்டு எண்களைக் கலைத்துக் காட்டுவார்கள். விடுபட்டது எது என்று சொன்னால் போதும், வரிசை வேண்டாம். அதே எண்கள், அதே ஆட்கள், காதில் அதே இரைச்சல். பாதிப்பு காணாமல் போய்விட்டது! பூக்கள் கூடையில் கிடந்தால் போதும் என்னும்போது நார் எதற்கு? முதல் முறை இதைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். போட்டி விளக்கங்கள் இன்றும் இருக்கின்றன, சண்டை ஓயவில்லை. இருந்தாலும் கையில் ஒரு பேனாவும் காகிதமும் இருந்தால் யாரும் செய்துபார்க்கக்கூடிய இப்படி ஓர் அழகான சோதனைக்காக நான் கார்டிஃப் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

இதிலிருந்து இன்னொரு வேடிக்கையும் கிளைக்கிறது. பக்கத்தில் ஒரே ஒருவர் போனில் பேசினால் வேலை ஓடாது, கல்யாண மண்டபத்து இரைச்சலில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிடலாம். பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மேடு பள்ளம் நிரவி ஒரே சலசலப்பாகிவிடுகிறது. தொடுக்கப் பூ இல்லை. மழைச் சத்தமும் நார்த் பீச்சில் அலைச் சத்தமும் ஏன் யாரையும் தொந்தரவு செய்வதில்லை என்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பையனின் மற்ற இரண்டு வாதங்களையும் ஆயா சொல்லியிருந்தார். "சத்தம் கம்மியாகத்தான் வைக்கிறேன்" என்பது ஒன்று. இந்த வகைத் தொந்தரவில் சத்தத்தின் அளவு பெரிய வித்தியாசம் செய்வதில்லை. மெல்லிய பேச்சும் உரத்த பேச்சும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கலைக்கின்றன. "எனக்குப் பிடித்த பாட்டு" என்பது இரண்டாவது. பெர்ஹாம், விசார்ட் என்ற இருவர் 2011-இல் பிடித்த பாட்டையும் பிடிக்காத பாட்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தார்கள். வரிசை நினைவை இரண்டும் ஒரே அளவில் கெடுத்தன.

அப்படியானால் பையனுக்குச் சாதகமான பாதி எங்கே? வாசித்துப் புரிந்துகொள்கிற வேலையில் இருக்கிறது. ஒரு பத்தியைப் படித்துப் பொருள் பிடிக்கும்போது, காதில் விழும் பாட்டின் பொருள் அதோடு மோதும். அங்கே புரிகிற பாட்டுதான் வில்லன். ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆங்கில ராப் கேட்பதைவிட, புரியாத தமிழ்ப் பாட்டு தேவலாம். வாத்திய இசை இன்னும் தேவலாம், மௌனம் எல்லாவற்றையும்விட மேல். ஆனால் செல் பிரிவின் கட்டங்களை வரிசை மாறாமல் உருப்போடுவதும், கணக்கில் பத்து படிகளை மனதில் பிடித்துக்கொண்டு பதினோராவதுக்குப் போவதும் மாலை தொடுக்கிற வேலை. அங்கே மொழி தெரியாது என்ற சாக்கு செல்லாது.

இவ்வளவு கெடுதல் என்றால் ஏன் பாட்டுப் போட்டால் வேலை ஓடுகிற மாதிரி இருக்கிறது? பிரமை இல்லை, உண்மையிலேயே ஓடுகிறது, வேலை வேறாக இருந்தால். என் அம்மா டர்பனில் ஒரு துணித் தொழிற்சாலையில் தைத்தார். நாளெல்லாம் சட்டைக் காலர், அதே தையல். கைக்கு வேலை தெரியும், மனசுக்கு வேலை இல்லை. அங்கே ஆபத்து குழப்பமல்ல, அலுப்பு. ரேடியோ இல்லாவிட்டால் பிற்பகல் மூன்று மணிக்குக் கண் சொருகும் என்பார். பிரிட்டனில் பிபிசி 1940-இல் போர்க்காலத் தொழிற்சாலைகளுக்கென்றே வேலை நேர இசை நிகழ்ச்சி தொடங்கியதும் இதற்காகத்தான். இசை செய்வது மூளையை எழுப்பிவிடுவதும் மனநிலையைத் தூக்கிவிடுவதும்தான், அறிவைக் கூட்டுவது அல்ல.

இந்த வித்தியாசம் தெரியாததால்தான், மேலை இசைமேதை மோட்சார்ட்டைக் கேட்டால் அறிவு கூடும் என்ற வியாபாரம் நடந்தது. 1993-இல் 36 கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த ஒரு சிறு ஆய்வில், மோட்சார்ட் கேட்டவர்கள் காகித மடிப்பு போன்ற புதிர்களில் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அவ்வளவுதான். 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். அதற்கடுத்த வருடமே, இசையைவிடக் கதையை விரும்பியவர்களுக்குக் கதை கேட்டாலும் அதே பலன் கிடைத்தது என்று கனடாவில் காட்டிவிட்டார்கள். பிடித்ததைக் கேட்டு உற்சாகமானார்கள், விஷயம் முடிந்தது. இன்றைக்கும் வயிற்றுப் பிள்ளைக்கு இயர்போன் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தாயத்து விற்பவனைப் பார்த்துச் சிரிக்கிற நம் படித்த கூட்டம்தான் இதற்குக் காசு கொடுக்கிறது. அந்தப் பணத்தில் கொஞ்சத்தை இங்கே தந்தால், பொருள் தெரியாமல் பாசுரம் பாடுகிற எங்கள் பிள்ளைகளை வைத்து எவ்வளவு அருமையான ஆராய்ச்சி செய்யலாம்! டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் தமிழே சொல்லிக்கொடுத்தார்கள். சரி, அதைப் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

வண்டி ஓட்டும்போது? இங்கிருந்து என்3 சாலையில் ஜோஹானஸ்பர்க் 570 கிலோமீட்டர் சொச்சம். ஹாரிஸ்மித் தாண்டிய பிறகு சாலை நேர்க்கோடு, இரண்டு பக்கமும் புல், அலுப்புதான் எதிரி. பாட்டு துணை. ஆனால் வான் ரீனன் கணவாயில் மூடுபனி இறங்கி முன்னால் லாரி வரிசை நின்றால், யாரும் சொல்லாமலே கை போய் ரேடியோவைக் குறைக்கும். கண்ணால் பார்க்கிற வேலைக்குக் காதை ஏன் அடக்குகிறோம்? கவனம் என்பது ஒரே பானைத் தண்ணீர், அதனால். இஸ்ரேலில் பிராட்ஸ்கி என்பவர் 2002-இல் ஓட்டுப் பயிற்சிப் பொறியில் ஆட்களை உட்காரவைத்து வெவ்வேறு வேகத்தில் இசை போட்டார். தாளம் விரைந்தபோது வண்டியும் விரைந்தது, சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் கூடியது. தூக்கம் வந்தால் பாட்டைக் கூட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரேடியோவும் முகத்தில் அடிக்கிற குளிர்காற்றும் வண்டியை ஓரங்கட்ட இடம் தேடும் நேரம்வரைதான் தாங்கும் என்று பிரிட்டனின் ரெய்னரும் ஹார்னும் 1998-லேயே காட்டிவிட்டார்கள்.

சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்துக்குப் போனேன். பையனை உட்காரவைத்து எண்களைக் காட்டினேன், காதில் அவனுடைய பாட்டு. ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்வது விஞ்ஞானம் ஆகாது, தெரியும். எட்டில் ஐந்தைத்தான் வரிசையாகச் சொன்னான், பாட்டை நிறுத்தியதும் எட்டும் வந்தது. விடுபட்ட எண்ணைப் பாட்டோடேயே டக்கென்று சொன்னான். பயாலஜிப் பட்டியலுக்கு மௌனம், படம் வரைந்து வர்ணம் தீட்டுவதற்குப் பாட்டு என்று உடன்படிக்கை ஆயிற்று.

ஆயாவுக்கு வெற்றிக் களிப்பு. அடுக்களையில் நின்று தீபாவளி முறுக்கைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டே ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தார். வெளியே இருந்து வருகிற பாட்டாவது நாரைச் சிக்கவைக்கிறது. நாமே முணுமுணுத்தால் எண்ணுகிற நாக்கையே பிடுங்கிக்கொள்கிறோம். பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், இருவரும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் பெட்டியைத் திறந்து எண்ணினேன். பதினான்கு இருந்தது.