கால்சியம் ஸ்கோர் 140: பாலை நிறுத்த வேண்டுமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர். வயது 48, பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். மாஸ்டர் செக்கப்பில் ட்ரெட்மில் நார்மல், சி.டி. ஸ்கேனில் மட்டும் கால்சியம் ஸ்கோர், அதாவது இதயக் குழாய்களில் படிந்த சுண்ணாம்பின் அளவு, 140. "பால், ராகிக் களி எல்லாம் நிறுத்திடட்டுங்களா?" என்று கேட்கிறார்.

வேண்டாங்க. தட்டில் இருக்கும் கால்சியம் நேராகப் போய் இதயக் குழாயில் படிவதில்லை. கொழுப்பு சேர்ந்து அழன்ற குழாய்ச் சுவரில் செல்கள் செத்த இடத்தில் சுண்ணாம்பு படிகிறது, ஆறிய புண்ணின் தழும்பு மாதிரி. ட்ரெட்மில்லோ குழாய் நன்றாக அடைத்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும்.

140 எப்படி வந்தது என்பதுதான் அழகு. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் கொஞ்சம் அசையாமல் இருக்கும் நேரத்தை ஈ.சி.ஜி. சொல்ல, அந்தக் கணத்தில் ஸ்கேனர் படமெடுக்கிறது. படத்தில் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் தண்ணீர் 0. 130-ஐத் தொட்டால் கால்சியம். ஒவ்வொரு சுண்ணாம்புத் திட்டின் பரப்பையும் அதன் உச்ச அடர்த்திக்கேற்ற 1 முதல் 4 வரையிலான எண்ணால் பெருக்குவார்கள். 6 சதுர மில்லிமீட்டர் திட்டு, உச்சம் 350 என்றால் 6×3=18. அதே திட்டு 400-ஐத் தொட்டால் 24. எல்லாவற்றையும் கூட்டினால் ஸ்கோர். 1990-இல் அமெரிக்க இதய மருத்துவர் அகாட்ஸ்டனும் கூட்டாளிகளும் வகுத்த கணக்கு இது.

இதில் ஒரு வேடிக்கை. கெட்டியாக இறுகிய திட்டு பொதுவாகச் சீக்கிரம் வெடிக்காது. இளகிய கொழுப்புத் திட்டுதான் ஆபத்து. ஆனால் கணக்கோ கெட்டியானதற்குக் கூடுதல் மதிப்பெண் போடுகிறது! கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை திட்டுகளை இறுக்குவதால், ஆபத்து குறையும்போதே ஸ்கோர் ஏறலாம். மாத்திரை தொடங்கியபின் வருஷா வருஷம் ஸ்கேன் எடுப்பது என் பார்வையில் காசுக்குக் கேடு.

வயது, பிரஷர், கொலஸ்ட்ரால், சர்க்கரை, புகை வைத்து இதய நோய் ஆபத்தைக் கணிக்கும் கணக்குகளுக்கு அடிப்படை, 1948-இல் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் தொடங்கிய ஆய்வு. அந்த ஊர்க்காரர்களின் கணக்கு நம்மவர்களின் ஆபத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். கோவை, ஈரோட்டுக்காரர்களை இருபது வருஷம் பின்தொடரும் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்கலாம்.

48 வயதுக்கு 140 அதிகம்தான். ஸ்டேடின் பற்றி டாக்டரிடம் பேசுங்க. மனைவிக்கும் எடுக்கலாமா என்கிறார். வயது 36, சர்க்கரை, பிரஷர் இல்லையாம். அந்த வயதில் பெரும்பாலும் 0 தான் வரும், இளகிய திட்டு இந்த ஸ்கேனில் தெரியவும் தெரியாது. அவருக்கு இப்போது கொலஸ்ட்ரால் ரத்தப் பரிசோதனை போதுங்க.