போர்ட் ஃபார்வர்டிங்: திறப்பதற்கு முன்னும் திறந்த பின்னும்

வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்க்க வேண்டும், நண்பர்களோடு விளையாட கேம் சர்வர் நடத்த வேண்டும், வீட்டுக் கணினியில் இருக்கும் கோப்பை அலுவலகத்திலிருந்து எடுக்க வேண்டும். எதைத் தேடினாலும் கடைசியில் "ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போடுங்கள்" என்றுதான் பதில் வரும். ரவுட்டரில் நிரப்ப வேண்டியவை நாலைந்து கட்டங்கள்தான். ஆனால் "போட்டேன், வேலை செய்யவில்லை" என்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் அந்தக் கட்டங்களில் இருப்பதில்லை. வேலை செய்துவிட்டாலோ, அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே பொது ஐபி முகவரியைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளிருந்து கிளம்பும் ஒவ்வோர் இணைப்பையும் ரவுட்டர் குறித்து வைத்துக்கொள்கிறது. பதில் வரும்போது எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியும். வெளியிலிருந்து தானாக வரும் இணைப்புக்கு அப்படி எந்தக் குறிப்பும் இல்லாததால் அதைத் தள்ளிவிடுகிறது. ஒரு கருவியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசலைத்தான் போர்ட் என்கிறோம். "இந்த எண்ணுள்ள போர்ட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கருவிக்கு அனுப்பு" என்று நாம் எழுதிவைக்கும் நிரந்தரக் குறிப்புதான் போர்ட் ஃபார்வர்டிங். "யார் வந்தாலும்" என்பதை மறக்க வேண்டாம்.

முதலில், திறக்க முடியுமா என்று பாருங்கள். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி என்று ஒரு முகவரி இருக்கும்; இணையப் பக்கத்தில் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி அது. விபிஎன் (இணைப்பை மறையாக்கி வேறொரு நெட்வொர்க் வழியாக அனுப்பும் வசதி) எதுவும் ஓடாத நிலையில், உங்கள் ஐபியைக் காட்டும் ஏதேனும் ஓர் இணையதளத்தைத் திறந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மேலே போகலாம். வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகிறது என்று பொருள். இதை சிஜிநாட் என்பார்கள். இந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எந்த விதியைப் போட்டாலும் பயனில்லை. இணைப்பு உங்கள் வீட்டு வாசலுக்கே வராது. பொது ஐபி வேண்டும் என்று நிறுவனத்திடம் கேட்க வேண்டும். மாறாத ஐபிதான் வேண்டும் என்பதில்லை; மாறிக்கொண்டே இருக்கும் பொது ஐபியாக இருந்தாலும், மாறும் ஐபியை ஒரு நிலையான பெயரோடு இணைத்துவைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றை வைத்துச் சமாளித்துவிடலாம்.

வேன் ஐபி 192.168 என்று தொடங்கினால் வேறு கதை. நிறுவனம் தந்த ஃபைபர் மோடமும் ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது, அதன் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டர் இன்னொன்று. மோடத்தை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித்தரும்படி நிறுவனத்திடம் சொல்லுங்கள். முடியாவிட்டால் இரண்டிலும் விதி போட வேண்டும். 10 அல்லது 172.16 முதல் 172.31 வரை தொடங்கினால், காரணம் இந்த இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

அடுத்து, உள்ளே இருக்கும் கருவிக்கு நிலையான முகவரி வேண்டும். இல்லாவிட்டால் இன்று வேலை செய்வது அடுத்த மின்வெட்டுக்குப் பின் நின்றுபோகும். ரவுட்டரில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி பக்கத்தில், அந்தக் கருவியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) 192.168.1.50 போல ஒன்றை ஒதுக்கி வையுங்கள். வைஃபையில் இணைந்த மடிக்கணினி என்றால் அதில் இந்த அடையாள எண்ணை மாற்றிக் காட்டும் ரேண்டம் மேக் வசதி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

விதி போடும் பக்கத்துக்கு ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒவ்வொரு பெயர். டிபி-லிங்கில் விர்ச்சுவல் சர்வர், ஹுவாவே மோடங்களில் போர்ட் மேப்பிங். வெளிப் போர்ட், உள் போர்ட், உள் ஐபி, டிசிபி, யுடிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளில் எது என்பது, அவ்வளவுதான். அதிகம் தவறுவது 'சோர்ஸ் போர்ட்' என்ற கட்டத்தில். அதிலும் அதே எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து வருபவரின் சோர்ஸ் போர்ட் ஒவ்வொரு முறையும் மாறும். அதைக் காலியாக விட வேண்டும். ஃபைபர் மோடத்தில் வேன் இணைப்புகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், தொலைபேசிக்கானதை விட்டு இணையத்துக்கானதைத் தேர்ந்தெடுங்கள்.

சோதிக்கும்போது வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டுக்குள் இருந்தபடி சொந்தப் பொது ஐபியைத் தொட்டால் பல ரவுட்டர்கள் அதைத் திருப்பி அனுப்பாது. சரியாகப் போட்ட விதியும் தவறாகத் தெரியும். சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கேட்க ஆளில்லாத போர்ட்டை, போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் எந்தச் சோதனைத் தளமும் மூடியதாகத்தான் காட்டும். இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், அனுப்பிய தரவு பெரும்பாலும் கருவி வரை போய்விட்டது, அங்கே மென்பொருள் ஓடவில்லை. நெடுநேரம் காத்து அறுந்தால் ஃபயர்வாலோ (இணைப்புகளை வடிகட்டும் மென்பொருள்) ரவுட்டரோ இணைய நிறுவனமோ வழியில் தடுக்கிறது. விண்டோஸில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தால் ஃபயர்வால் கூடுதலாகத் தடுக்கும்; அதைப் பார்த்தாலே பல சிக்கல்கள் தீரும். சாதாரண சோதனைத் தளங்களால் யுடிபி போர்ட்டைச் சோதிக்க முடியாது.

இனி, திறக்கலாமா என்ற கேள்வி. "என் வீட்டு ஐபியை யார் தேடப் போகிறார்கள்" என்ற நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான இஸட்மேப் என்ற கருவி, ஒரு ஜிகாபிட் இணைப்பில் ஒரே கணினியைக் கொண்டு, ஒரு போர்ட்டுக்காக மொத்த இணையத்தையும் 45 நிமிடங்களுக்குள் துழாவிக் காட்டியது. உங்களைத் தேட வேண்டியதில்லை, எல்லோரையும் தட்டிப் பார்க்கும் மென்பொருள்கள் இரவு பகலாக ஓடுகின்றன. 2016-இல் மிராய் என்ற தீய மென்பொருள், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் வீடியோ பதிவுக் கருவிகளையும் (டிவிஆர்) டெல்நெட் என்ற பழைய தொலைநுழைவு முறை வழியாகப் பிடித்துத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட் வழியாகப் பரவியது. 2019-இல் தெரியவந்த புளூகீப் குறைபாடு, கடவுச்சொல்லே இல்லாமல், தொலைவிலிருந்து விண்டோஸ் கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழையவிட்டது.

ஆகவே டெல்நெட்டின் 23, கோப்புப் பகிர்வின் 445, ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389, கேமராவின் 554, ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் ஆகியவற்றை இணையத்துக்குத் திறக்கவே வேண்டாம். 3389-ஐ 33890 என்று மாற்றுவது பாதுகாப்பு ஆகாது. தட்டுபவர்கள் சற்றுக் குறைவார்கள், அவ்வளவே. டிஎம்இஸட் என்ற வசதி எல்லா போர்ட்டுகளையும் ஒரே கருவிக்குத் திருப்பிவிடும். "இதைப் போட்டால் வேலை செய்யும்" என்ற அறிவுரையைக் கேட்டு அதைப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்.

எங்கள் பரிந்துரை இதுதான்: ஒரே ஒரு யுடிபி போர்ட்டைத் திறந்து, அதில் வயர்கார்டு விபிஎன் ஓடட்டும். வழக்கமான எண் 51820. சரியான சாவி இல்லாதவருக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. துழாவுபவருக்கு அங்கே எதுவும் இருப்பதாகவே தெரியாது. உள்ளே வந்தபின் கேமரா, கோப்புகள், ரிமோட் டெஸ்க்டாப் எல்லாமே வீட்டு முகவரியிலேயே திறக்கும். வீட்டு நெட்வொர்க்கை மட்டும் 192.168.1-லிருந்து 192.168.37 போல வேறொன்றுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். நீங்கள் போயிருக்கும் இடத்திலும் அதே 192.168.1 இருந்தால், கேமராவைத் திறக்கும்போது இணைப்பு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தேடிக்கொண்டிருக்கும். சிஜிநாட்டில் சிக்கியவர்களுக்கு டெய்ல்ஸ்கேல் போன்ற சேவைகள் போர்ட் எதையும் திறக்காமலே வழி செய்கின்றன.

யுபிஎன்பி அணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இயங்கினால் வீட்டிலுள்ள எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும். அதே நேரத்தில் ரவுட்டரின் விதிப் பட்டியலையும் ஒருமுறை படியுங்கள். எப்போதோ ஒரு கேம் சர்வருக்குப் போட்ட விதி அங்கேயே இருக்கும். அந்தக் கணினி போய், அதன் 192.168.1.50 என்ற முகவரி இன்று புதுக் கேமராவுக்குக் கிடைத்திருந்தால், பழைய விதி அந்தக் கேமராவை நோக்கித் திறந்திருக்கிறது. தேவையில்லாததை முடக்கினால் போதாது, அழித்துவிடுங்கள்.