வள்ளிக்கிழங்கும் லியோன்ஹார்ட் ஃபுக்ஸும்

தை பிறந்ததிலிருந்து இது மூன்றாவது கேஸ். ஐம்பதைத் தாண்டிய விவசாயி. வேலியோரம் தோண்டும்போது கிடைத்த கிழங்கை மத்தியானம் அவித்துச் சாப்பிட்டிருக்கிறார். ராத்திரி வாந்தி, பேதி. பக்கத்து ஊரில் ஃபுட் பாய்சன் என்று சொல்லி ஒரு பாட்டில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்து சேர்ந்தபோது பிரஷர் 80.

“என்ன கிழங்குப்பா?” என்று மகனைக் கேட்டேன்.

“வள்ளிக்கிழங்குன்னுதான் சொன்னாங்க சார்.”

யார் சொன்னார்கள் என்றால் பதில் இல்லை. மிச்சம் இருந்தால் எடுத்து வரச் சொன்னேன். அரை மணி நேரத்தில் ஓடி வந்து செல்போனை நீட்டினார். திரையில் கழுவித் துடைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. கூகுளில் தேடி எடுத்த படம்! அப்பா சாப்பிட்ட கிழங்கு வீட்டுக் குப்பையில் கிடக்கிறது. மகன் எனக்குக் காட்டுவது ஒரு பெயரின் படம்.

அவர் சாப்பிட்டது கண்வலிக்கிழங்கு. செங்காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு எல்லாம் இதுதான். நம் மாநில மலர். உள்ளே இருப்பது கொல்சிசின் என்ற விஷம். அது உடம்புக்குள் என்ன செய்யும் என்று இங்கே பாடம் நடத்தப் போவதில்லை. எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். பெயர் தெரிந்தால் செடி தெரிந்த மாதிரி என்று படித்தவர்களும் நினைக்கிறார்களே, அதில்தான்.

இதே எரிச்சலோடு ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு டாக்டர் இருந்தார். லியோன்ஹார்ட் ஃபுக்ஸ். 1501இல் பவேரியாவில் வெம்டிங் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1524இல் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம். 1528இல் அன்ஸ்பாக்கில் சிற்றரசரின் மருத்துவர். அடுத்த ஆண்டே ‘இங்கிலாந்து வியர்வை’ என்ற கொள்ளைநோய் வந்தது. அதற்குச் செய்த வைத்தியத்தில் பெயர் வாங்கினார். 1535இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்து, 1566இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். மாணவர்கள் செடியைக் கண்ணால் பார்த்துப் படிக்க ஒரு மூலிகைத் தோட்டமும் போட்டார்.

1530இல் அவர் எழுதிய முதல் முக்கியமான நூலே ஒரு திட்டுப் பட்டியல்தான். அக்கால மருத்துவர்கள் செய்யும் தவறுகள், எண்ணி 60. தொழிலுக்குள்ளேயே இருந்துகொண்டு தொழில்காரர்களைத் திட்டுவது எளிதல்ல. இதை எழுதும்போது எனக்கும் கொஞ்சம் உதறுகிறது.

அவருடைய கோபத்துக்குக் காரணம் என்ன? கி.பி. முதல் நூற்றாண்டில் டயாஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர் மூலிகைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடிகள். 1,400 ஆண்டு கழித்து, ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே, குளிர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மன் டாக்டர்கள் அந்த நூலைப் படித்தார்கள். பெயர் நூலில் இருக்கிறது, செடி வாசலில் இருக்கிறது. இதுதான் அதுவாக இருக்கும் என்று ஒட்டிக்கொண்டார்கள். ஓலைச்சுவடியில் உள்ள பெயரை வைத்துக்கொண்டு, உங்கள் கொல்லையில் அதே பெயரில் எவரோ காட்டிய தழையை அரைத்துக் குடிப்பது போல. சுவடி பொய் சொல்லவில்லை. தழையும் பொய் சொல்லவில்லை. இரண்டையும் ஒட்டிய கைதான் தப்பு. இன்னும் புரியவில்லையென்றால் இப்படிச் சொல்கிறேன்: வார்டில் ‘முருகேசன்’ என்று கூப்பிட்டதும் கை தூக்குகிற முதல் ஆளுக்கு நாங்கள் ஊசி போடுவதில்லை. கையில் கட்டிய பட்டையைப் பார்க்கிறோம், வயதைக் கேட்கிறோம், அப்பா பெயரைக் கேட்கிறோம். செடிக்கு மட்டும் ஏன் பெயரோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்?

நூறு மருத்துவர்களில் ஒருவருக்காவது நாலு செடி சரியாகத் தெரியுமா என்பதே சந்தேகம் என்ற பொருளில் ஃபுக்ஸ் தன் பெரிய நூலின் முன்னுரையில் எழுதினார். அந்த நூல் 1542இல் பாசல் நகரில் லத்தீனில் வந்தது. ஏறக்குறைய 900 பக்கம், 500க்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள். அடுத்த ஆண்டே ஜெர்மன் மொழியிலும் வந்தது. மருந்து விவரங்களில் பெரும்பகுதி பழைய கிரேக்க நூல்களிலிருந்து எடுத்ததுதான், அதை மறைக்க வேண்டாம். புதுமையெல்லாம் படங்களில்.

ஆல்பிரெக்ட் மேயர் செடியை எதிரில் வைத்து வரைந்தார். ஹைன்ரிக் ஃபுல்மாவ்ரர் அதைப் பலகைக்கு மாற்றினார். ஃபைட் ருடால்ஃப் ஸ்பெக்லே செதுக்கினார். மூவரின் உருவங்களையும் நூலிலேயே அச்சிட்டார் ஃபுக்ஸ். ஓவியர்களுக்கு அந்தக் காலத்தில் அப்படியொரு மரியாதை கிடைப்பது அபூர்வம். ஆனால் வேலையில் கறார். நிழல் தட்டி, வளைத்து நெளித்து உங்கள் கைவண்ணத்தைக் காட்டாதீர்கள், செடி எப்படியோ அப்படியே வரையுங்கள் என்று கட்டுப்பாடு. ஒவ்வொரு படத்திலும் வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும். நிஜத்தில் பூவும் காயும் ஒரே நாளில் இருக்காது என்றாலும் பரவாயில்லை. ஏனென்றால் எந்த மாதத்தில் பார்த்தாலும் ஆளை அடையாளம் தெரிய வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் நோயாளி ஞாபகத்துக்கு வருகிறார். கார்த்திகையில் அந்தக் கொடி வேலியில் சிவப்பும் மஞ்சளுமாக எரியும்போது குழந்தைகூட அடையாளம் சொல்லும். தையில் கொடி காய்ந்து மண்ணோடு போய்விடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும். வேரை மட்டும் பார்த்து ஒரு செடியை முடிவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மனிதர் தலையைப் பிய்த்துக்கொண்டு அத்தனை படம் போட்டார்.

அவரும் சறுக்கினார். அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாயைப் படம் போட்டுக் ‘கள்ளிக்கோட்டை மிளகு’ என்று பெயர் வைத்தார். ஆம், நம் பக்கத்துக் கோழிக்கோடுதான். மக்காச்சோளத்துக்குத் ‘துருக்கித் தானியம்’ என்று பெயர். இரண்டு ஊர்ப்பெயருமே தப்பு. ஆனால் படத்தைப் பார்த்தவுடனே இது மிளகாய், இது மக்காச்சோளம் என்று இன்றைக்கும் சொல்லிவிடலாம். பெயர் ஏமாற்றியது, படம் ஏமாற்றவில்லை.

இன்னொரு விஷயம். டிஜிட்டாலிஸ் என்ற பூச்செடிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். ஜெர்மன் மொழியில் அந்தப் பூவை விரலுறை என்பார்கள். பழைய நூல்களில் அதற்குப் பெயர் இல்லாததால் லத்தீனில் விரலைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஒன்றை உண்டாக்கினார். அது இதயத்துக்கு ஆகும் என்பது அவருக்குத் தெரியாது. 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் விவரமாக எழுதிய பிறகுதான் தெரிந்தது. அதே குடும்பத்துச் செடியிலிருந்து வந்த டிஜாக்சின் என்ற இதய மருந்தை நாங்கள் 0.25 மில்லிகிராம் எழுதிவிட்டு, வாரத்தில் 5 நாள் சாப்பிடு, 2 நாள் விடு என்று பயந்து பயந்து கொடுக்கிறோம். ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்று கேட்பவர்கள் அந்த 0.25ஐக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஃபுக்ஸின் ஊரிலும் இந்தக் கதை முடியவில்லை. அவர் நூலில் இடம்பெற்ற இலையுதிர்காலக் குங்குமப்பூ என்ற செடியிலும் இருப்பது கொல்சிசின்தான். வசந்தத்தில் இலை மட்டும் வரும், பூ இருக்காது. காட்டுப்பூண்டு இலை என்று நினைத்துப் பறித்து, சமைத்துச் சாப்பிட்டு, இன்றும் அங்கே ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். சிலர் வீட்டுக்குத் திரும்புவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்களாக நட்டு வளர்க்காத கிழங்கைத் தின்னாதீர்கள். அவித்தால் விஷம் போய்விடும் என்பது பொய். கொல்சிசின் கொதிநீருக்கெல்லாம் அசையாது. கண்வலிக்கிழங்கு என்று பெயர் இருப்பதால் கண்வலிக்கு மருந்து என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். திண்டுக்கல், திருப்பூர் பக்கம் விதைக்காகப் பயிரிடுபவர்கள் கிழங்கைச் சமையல் சாமானோடு ஒரே மூட்டையில் வைக்காதீர்கள். சாப்பிட்டுவிட்டார் என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் அது வேறு சாவு. நேராக ஆஸ்பத்திரி. முதல் நாள் பேதி நின்றுவிட்டது, ஆள் தெளிவாகப் பேசுகிறார் என்று டிஸ்சார்ஜ் கேட்டு என் மேசை முன்னால் நிற்காதீர்கள். இரண்டாம் நாளுக்குப் பிறகுதான் ரத்த அணுக்கள் விழும், சிறுநீரகம் தடுமாறும். அப்புறம், அம்மா அய்யா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: சாப்பிட்ட மிச்சம், உரித்த தோல், பக்கத்தில் கிடந்த கொடி, எது கிடைத்தாலும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். போனில் படம் எடுப்பதானால் அந்தச் செடியையே எடுங்கள்.

அந்த விவசாயி பிழைத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் ஓபிக்கு வந்தபோது தலையில் துண்டு கட்டியிருந்தார். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. முளைக்கும் என்று சொன்னேன். கூட வந்த மகன் மஞ்சப்பையிலிருந்து ஒரு காய்ந்த கொடியை எடுத்து மேசையில் வைத்தார். இலைகள் பாதி உதிர்ந்திருந்தன. மிச்சமிருந்த ஒன்றின் நுனி ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருந்தது.

“இதுதானே சார்?” என்றார்.