பாதி மோடம், மீதி கணக்கு

தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணையத்தோடு சேர்த்த கருவிதான் மோடம். என் மேசை இழுப்பறையில் இரண்டு மோடம் அட்டைகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்று ஐ.எஸ்.ஏ. என்ற பழைய செருகுவாய்க் காலத்தது. ஒரு சாண் நீளம், மேலே இடம் விடாமல் சிப்புகள். மற்றது சில ஆண்டுகள் கழித்து வந்த பி.சி.ஐ. என்ற புதிய செருகுவாய்க்கான அட்டை. அதில் ஒரு சின்ன சிப், சில கெபாசிட்டர்கள், ஒரு ரிலே, தொலைபேசி ஒயரைச் செருக ஒரு துளை. அவ்வளவுதான். பெரிய அட்டையின் வேகம் நொடிக்கு 14,400 பிட். சின்னதன் வேகம் 56,000. உறுப்புகள் குறைந்த அட்டைக்கு எப்படி நான்கு மடங்கு வேகம் வந்தது? விண்டோசில் செருகியதும் ஓடிய அதே அட்டை லினக்சில் ஏன் மூச்சே விடாமல் கிடந்தது? இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான்.

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ் முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் அதில் போகும். மற்றதெல்லாம் வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடும். கணினியின் 0, 1 அந்த வாசலில் நுழைய வேண்டுமானால் ஒலியாக மாற வேண்டும். 1962-இல் வந்த பெல் 103 மோடம் இதை மிக எளிமையாகச் செய்தது. அழைப்பவர் பக்கம் 0-க்கு 1070 ஹெர்ட்ஸ், 1-க்கு 1270 ஹெர்ட்ஸ். பதில் சொல்பவர் பக்கம் 2025, 2225. இருவரும் வெவ்வேறு சுருதியில் பேசியதால் ஒருவர் பேச்சு மற்றவர் மேல் ஏறவில்லை. வேகம் நொடிக்கு 300 பிட்.

அதற்கு மேல் போக, அலையின் வீச்சையும் கட்டத்தையும் ஒரே சமயத்தில் மாற்றத் தொடங்கினார்கள். வீச்சு என்பது ஒலி எவ்வளவு உரத்தது என்பது. கட்டம் என்பது அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு தாளில் புள்ளியாகக் குறித்தால், வாசலில் வைக்கும் புள்ளிக் கோலம் போலவே வரிசையாக வந்து நிற்கும். 1984-ஆம் ஆண்டின் வி.22பிஸ் தரத்தில் 16 புள்ளிகள். ஒரு புள்ளியைச் சொன்னால் 4 பிட் சொன்னதாகும். நொடிக்கு 600 புள்ளிகள், ஆக 2400 பிட். பின்னாளில் வந்த வி.34 தரத்தில் கோலம் 1664 புள்ளிகள் வரை விரிந்தது, நொடிக்கு 3429 முறை வரை புள்ளி மாறியது. அதன் உச்சம் 33,600 பிட்.

புள்ளிகள் நெருங்க நெருங்க ஆபத்தும் கூடும். கம்பியில் லேசான இரைச்சல் வந்தாலும் ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளியாகத் தெரியும். இங்கேதான் ஐ.பி.எம்.மின் சூரிச் ஆய்வகத்தில் இருந்த கோட்ஃப்ரீட் உங்கர்போக் கண்டறிந்த முறை கைகொடுத்தது. எந்தப் புள்ளிக்குப் பின் எந்தப் புள்ளி வரலாம் என்று அனுப்புபவர் முன்கூட்டியே ஒரு விதி வைத்துக்கொள்கிறார். சிக்குக் கோலம் போட்டுப் பழகியவருக்கு இது சட்டென்று புரியும். கோடு ஓரிடத்தில் தவறித் திரும்பினால் அந்த இடத்திலேயே தெரியாமல் போகலாம், நாலு சுற்று தள்ளி கோலம் சேராமல் நிற்கும்போது தெரிந்துவிடும். பெறும் மோடமும் ஒவ்வொரு புள்ளியையும் தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. வந்த பாதை முழுவதையும் பார்த்து, விதிக்குப் பொருந்தும் பாதைகளில் மிக நெருக்கமானது எதுவோ அதைத் தேர்ந்தெடுக்கிறது.

இதோடு எதிரொலித் தொல்லையும் உண்டு. வீட்டுக்கு வருவது இரண்டே கம்பி. போகும் பேச்சும் வரும் பேச்சும் அதிலேயே. பெல் 103 போலச் சுருதியைப் பிரித்துக்கொள்ள இப்போது இடமில்லை, இருவருக்கும் முழு வாசலும் வேண்டும். அதனால் மோடம் தான் கத்துவது தன் காதிலேயே விழ, அதற்கு நடுவே எங்கோ தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலைப் பிரித்தெடுக்க வேண்டும். நான் என்ன அனுப்பினேன், அது இந்தக் கம்பியில் எப்படித் திரிந்து திரும்பும் என்று விடாமல் மதிப்பிட்டு, வந்த ஒலியிலிருந்து கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். மோடத்தின் வேலைகளில் எனக்கு இன்றும் வியப்பு தருவது இதுதான்.

இணைப்பு கிடைக்கும்போது கேட்ட அந்தக் கீச்சொலியும் கரகரப்பும் இந்த அளவெடுப்புதான். முதலில் வரும் 2100 ஹெர்ட்ஸ் நீண்ட ஒலி 450 மில்லிநொடிக்கு ஒருமுறை தலைகீழாகத் திரும்பும். தொலைபேசி நிறுவனம் நடுவில் வைத்திருக்கும் எதிரொலி நீக்கிகளுக்கு அது ஒரு கட்டளை: ஒதுங்கிக்கொள்ளுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அடுத்து 150 ஹெர்ட்ஸ் முதல் 3750 வரை 21 சுருதிகளை ஒன்றாக ஊதி, இந்தக் கம்பி எந்தச் சுருதியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கும். கடைசியில் வரும் இரைச்சல், எதிரொலிக் கணக்கைப் பழக்கும் பாடம்.

இப்போது அந்த இரண்டு அட்டைகளுக்குத் திரும்புவோம். மேலே சொன்னது அத்தனையும் பெருக்கலும் கூட்டலும்தான். பழைய அட்டையில் அந்தக் கணக்குக்கென்று தனிச் சிப் இருந்தது. நாம் அனுப்பும் 'ஏ.டி.' கட்டளைகளைப் புரிந்துகொள்ள இன்னொரு சிப். கணினிக்கு அது வெறும் சீரியல் போர்ட், அதாவது பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி வாங்கும் வாய். 1990-களின் பிற்பாதியில் கணினியின் செயலியே இந்தக் கணக்கைப் போடும் அளவுக்கு வேகம் பெற்றது. பிறகு எதற்குத் தனிச் சிப் என்று தயாரிப்பாளர்கள் அதை எடுத்துவிட்டார்கள். லூசன்ட் நிறுவனத்தின் அட்டைகள் போன்ற சிலவற்றில் கணக்குச் சிப் மட்டும் மிஞ்சியது, கட்டளைச் சிப் போய்விட்டது. வேறு பலவற்றில் இரண்டுமே போயின. மிஞ்சியது, ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் ஒரு சிப், தொலைபேசிக் கம்பியோடு பாதுகாப்பாகச் சேர்க்கும் ஒரு சுற்று. சுருங்கச் சொன்னால் தொலைபேசித் துளை வைத்த சவுண்ட் கார்டு. மோடம் என்ற மீதிப் பொருள் விண்டோஸ் டிரைவரின், அதாவது அட்டையை இயக்கும் மென்பொருளின், கோப்புக்குள் இருந்தது. லினக்சில் செருகினால் வாயும் காதும் வரும், மூளை வராது.

அந்த மூளையை எழுதினால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. பின்னாளில் கியூ.இ.எம்.யு., எஃப்.எஃப்.எம்பெக் ஆகிய மென்பொருள்களால் பெயர் பெற்ற ஃபப்ரீஸ் பெல்லார்ட், லின்மோடம் என்ற பெயரில் திறந்த நிரலாக ஒரு மென்பொருள் மோடத்தைத் தொடங்கினார். எளிய பழைய தரங்கள் அதில் அமைந்தன. வி.34 அப்படியல்ல. அதன் தர ஆவணம் என்ன அனுப்ப வேண்டும் என்று சொல்லும், திரிந்து வருவதை எப்படி மீட்பது என்பதை எழுதுபவரின் திறமைக்கு விட்டுவிடும். போதாததற்குக் காப்புரிமைகள் வேறு. ஆகவே நடைமுறையில் லினக்ஸ் பயனர்களுக்குக் கிடைத்தது ஒரு சமரசம்: கணக்குப் பகுதி, மனிதர் படிக்க முடியாத மூடிய இருமக் கோப்பாக வரும், அதைச் சுற்றியுள்ள பகுதி மட்டும் மூல நிரலாக வரும். ஸ்மார்ட் லிங்க் நிறுவனத்தின் எஸ்.எல்.மோடம் அப்படி வந்தது. கோனெக்சன்ட் சிப்புகளுக்கான லினக்ஸ் டிரைவரும் அவ்விதமே. அதன் இலவசப் பதிப்பு 14,400 பிட்டோடு நின்றுவிட்டது, முழு வேகத்துக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது.

நான் போராடியது எஸ்.எல்.மோடத்தோடு, ஒரு மடிக்கணினியில். முதல் தடை, உள்ளே இருப்பது யாருடைய மோடம் என்று தெரிந்துகொள்வது. கணினிக்குள் இருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்.எஸ்.பி.சி.ஐ.' கட்டளை 8086:2486 என்று காட்டியது. 8086 என்பது இன்டெலின் அடையாள எண். தன் புகழ்பெற்ற செயலியின் பெயரையே அந்த நிறுவனம் எண்ணாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்து இன்டெல் மோடம் என்று நம்பி இரண்டு இரவுகளை வீணாக்கினேன். உண்மையில் அந்த எண் மதர்போர்டில் இருக்கும் ஏ.சி.97 பாதைக்கானது. சவுண்டும் மோடமும் பகிர்ந்துகொள்ளும் சாலை அது. அந்தச் சாலையின் முனையில் ஒரு குட்டி அட்டை, அதில் ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கோடெக் சிப். அந்தச் சிப்பிடம் கேட்டால்தான் உண்மைப் பெயர் வரும். 'எஸ்.ஐ.எல்.' என்று தொடங்கினால் சிலிக்கான் லேப்ஸ் சிப், அதற்கு எஸ்.எல்.மோடம் பொருந்தும்; 'சி.எக்ஸ்.டி.' என்றால் கோனெக்சன்ட். எனக்கு வந்தது முதலாவது.

இதற்குப் பிறகு வேலை இரண்டாகப் பிரிந்தது. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஒரு டிரைவர் வேண்டும், அது அட்டையிலிருந்து எண்களை எடுத்துக் கொடுத்து வாங்க வேண்டும். லினக்ஸ் 2.6 வரிசையில் அல்சா ஒலி அமைப்பிலேயே இன்டெல் ஏ.சி.97 மோடத்துக்கான திறந்த டிரைவர் சேர்ந்துவிட்டது. மோடத்துக்கு எதற்கு ஒலி டிரைவர் என்று அப்போது குழம்பினேன். அட்டை சவுண்ட் கார்டுதான் என்று புரிந்த பிறகு, வேறு எங்கே வைத்திருக்க முடியும் என்று தோன்றியது. இரண்டாவது, கெர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாக ஓடும் எஸ்.எல்.மோடம்-டி. கோலம் போடுவதும் எதிரொலியைக் கழிப்பதும் இதன் வேலை. இதைத் தொடங்கும்போது எந்த ஒலிச் சாதனம், எந்த நாடு என்று சொல்ல வேண்டும். அது ஒரு போலி முனையத்தை உருவாக்கி, 'டி.டி.ஒய்.எஸ்.எல்.0' என்ற பெயரில் நீட்டும். டயல் செய்யும் நிரல் அதையே உண்மையான மோடம் என்று நம்பிப் பேசும்.

நம்புவதில் ஒரு சிக்கல். உண்மையான சீரியல் போர்ட்டில் இணைப்பு இருக்கிறதா என்று காட்டத் தனியாக ஒரு கம்பி உண்டு. போலி முனையத்தில் அது கிடையாது. நான் பயன்படுத்திய டயல் நிரலான 'டபிள்யூ.வி.டயல்' அந்தக் கம்பியைப் பார்த்து, இணைப்பு அறுந்தது என்று நினைத்து அழைப்பைத் துண்டித்துவிடும். அமைப்புக் கோப்பில் 'கேரியர் செக்' என்பதற்கு 'நோ' என்று எழுதினால் அடங்கும்.

அடுத்து வந்தது 'நோ டயல்டோன்'. தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோன் தெளிவாகக் கேட்கிறது, நிரலோ இல்லை என்கிறது. அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்தது. நம் நாட்டு டயல் டோன் 400 ஹெர்ட்ஸ் ஒலி, அதன் மேல் 25 ஹெர்ட்ஸ் அதிர்வு. அந்தக் கரகரப்பு நம் காதுக்குப் பழகியது. அமெரிக்கச் சுருதியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிரலுக்கு அது வெறும் சத்தம். நாட்டைச் சரியாகச் சொல்ல வேண்டும், அல்லது 'ஏ.டி.எக்ஸ்.3' என்ற கட்டளையைக் கொடுத்து, டயல் டோனுக்காகக் காத்திராமல் எண்ணை அழுத்தச் சொல்ல வேண்டும். நான் இரண்டையும் செய்தேன்.

அன்றிரவு 'கனெக்ட்' வந்தது. 45333 என்று ஒரு விசித்திரமான எண்ணோடு. 56,000 பிட் வேகத்துக்கான வி.90 தரத்தில் இணைய நிறுவனத்தின் பக்கம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாகவே இணைந்திருக்கும். எக்ஸ்சேஞ்ச் நொடிக்கு 8000 எண்களை வீட்டுக் கம்பியில் மின்னழுத்தமாக மாற்றி அனுப்புகிறது, மோடம் அந்த அழுத்தங்களை அளந்து எண்களாகவே படிக்கிறது. ஓர் எண்ணுக்கு 7 பிட் என்றால் 56,000. கம்பி தரமில்லாவிட்டால் 8000-ஐ 6-ஆல் வகுத்த படிகளில், படிக்கு 1333 பிட் வீதம் இறங்கும். 45333 அப்படி எட்டுப் படி இறங்கிய வேகம். பதிவேற்றத்தில் இந்த வசதி இல்லை, அங்கே பழைய வி.34-தான்.

வேகம் வந்தும் இணைப்பு நிலைக்கவில்லை. பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்தால் அறுந்தது. எஸ்.எல்.மோடம் நொடிக்கு 9600 மாதிரிகளைக் கையாள்கிறது, அதாவது ஒன்றுக்கு 104 மைக்ரோநொடி. அவை கட்டுக் கட்டாக வந்து போகும். ஒரு கட்டைத் தவறவிட்டால் பிட் பிழையோடு நிற்காது. எதிர்முனையோடு வைத்திருந்த தாளமே தவறும், எதிரொலிக் கணக்கும் குலையும், மீண்டும் பழகத் தொடங்க வேண்டும். இதற்காகவே அந்த நிரல் செயலியிடம் நிகழ்நேர முன்னுரிமை கேட்டு வாங்குகிறது, தன் நினைவகம் வட்டுக்குப் போகாமல் பூட்டிக்கொள்கிறது. என் கணினியில் வன்வட்டு டி.எம்.ஏ. இல்லாமல், அதாவது செயலியை இழுக்காமல் நினைவகத்தோடு நேரடியாகப் பேசும் வசதி இல்லாமல், ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மற்ற குறுக்கீடுகளை, அதாவது பிற சாதனங்கள் செயலியை அழைக்கும் அழைப்புகளை, தடுத்து வைத்தது. 'எச்.டி.பார்ம்' கட்டளையால் டி.எம்.ஏ.வை இயக்கி, குறுக்கீட்டுத் தடையை நீக்கினேன். பிறகு மணிக்கணக்கில் இணைப்பு நின்றது, வீட்டில் யாராவது இன்னொரு போனை எடுக்கும்வரை.

கணக்கைக் கெர்னலுக்கு வெளியே வைத்தது எவ்வளவு நல்ல முடிவு என்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. கெர்னலுக்குள் திணிக்கப்பட்ட மூடிய கோப்புகள் ஒவ்வொரு புதிய கெர்னலோடும் முறிந்தன. 64 பிட் கெர்னல் வந்ததும் 32 பிட் கோப்புகள் அப்படியே செத்தன. எஸ்.எல்.மோடம்-டி சாதாரண 32 பிட் நிரல் என்பதால் 64 பிட் கெர்னலின் மேலும் ஓடியது. அட்டை மட்டும்தான் அதற்குக் கிடைக்காமல் போயிற்று. பிறகு சிலர் அந்த அட்டையையும் எடுத்துவிட்டார்கள். நிரல் கேட்கும் ஒலி எண்களை 9600-இலிருந்து 8000-ஆக மாற்றி, இணையத் தொலைபேசி வழியாக அனுப்பினார்கள். ஒலியைச் சுருக்காத ஜி.711 முறை மட்டுமே இதற்கு ஆகும். செல்பேசியின் சுருக்க முறைகள் குரலைக் காப்பாற்றும், புள்ளிக் கோலத்தை அழித்துவிடும். கம்பியும் இல்லை, ரிலேயும் இல்லை, துளையும் இல்லை. எதிர்முனையில் எங்கோ ஒரு பழைய மோடம் அழைப்பை எடுத்து, 2100 ஹெர்ட்ஸில் பதில் சொன்னது.